செவி வழியே ஒரு பள்ளி

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்விரண்டையும் அடுத்து, 42ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யை வைத்தார். கற்க வாய்ப்பில்லாதவனுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கட்டும் என்று எண்ணித்தான் அவ்வாறு வைத்தாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த வாசல் வழியே நான் நுழைந்த ஒரு பள்ளியைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுத விரும்புகிறேன். அப்பள்ளிக்குக் கட்டடம் இல்லை, கட்டணம் இல்லை. ஆசிரியர்களுள் பெரும்பாலோர் இன்று உயிருடன் இல்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர்கள் மொழி அரைகுறை. பாடம், ஜாஸ் பியானோ.

"கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு ஜாஸ் எதுக்குடா?" என்று நண்பர்கள் கேலி செய்ததுண்டு. அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. இன்று ஒரு விடை இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமானால் என் தந்தையிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் தந்தை இளமையில் தெருக்கூத்துக் குழு ஒன்றில் ஆர்மோனியம் வாசித்தவர். திரௌபதை அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களெல்லாம் அவருக்கு அத்துபடி. இரவு பத்து மணிக்குத் துருத்தியில் கை வைத்தால் கிழக்கு வெளுக்கும்போதுதான் எடுப்பாராம். கூத்து ஆண்டில் சில மாதங்களுக்குத்தான் சோறு போடும். மணமான பிறகு, தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். உலையிலிருந்து செக்கச் சிவந்து வரும் இரும்புக் கட்டைகள் உருளைகளுக்கிடையே புகுந்து கம்பியாக நீளும் இடம் அது. அந்த ஓசையினருகே இருபது ஆண்டுகள் நின்றார். ஆர்மோனியம் துணி சுற்றிப் பரண்மேல் ஏறியது.

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபலுக்கு மேல் ஓசை கூடாது என்பது நம் நாட்டுத் தொழிற்சாலை விதி. எழுத்தில் உள்ள விதிக்கும் கொட்டகையில் உள்ள ஓசைக்கும் தூரம் அதிகம். பேரோசையால் கெடும் காது முதலில் 4000 ஹெர்ட்ஸ் அளவிலான கூர்மையான ஒலிகளைத்தான் இழக்கிறது. உட்செவியிலுள்ள மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பியானோவின் வலக்கோடியில் உள்ள கடைசிக் கட்டையின் ஒலி 4186 ஹெர்ட்ஸ். அதாவது, என் தந்தையின் செவியில் முதலில் அணைந்த விளக்கு பியானோவின் உச்சிக் கட்டைக்கு அருகில் இருந்தது. பிறகு அது சிறிது சிறிதாகக் கீழே இறங்கி வந்தது. பேச்சில் உயிரெழுத்துகள் கேட்கும். சகரமும் தகரமும் நழுவிப் போகும். "சாப்பிட்டாயா?" என்றால் "யாரு?" என்பார். வீட்டில் நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2019ஆம் ஆண்டு, நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் உலக அளவில் முதற்பரிசு பெற்றான். பரிசுத் தொகை 10 லட்சம் டாலர். கண் தொடர முடியாத வேகத்தில் அவன் விரல்கள் பாய்ந்த காட்சியைக் கைப்பேசியில் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. என் வயதொத்தவன், தமிழன். எனக்கும் ஆசை மூண்டது. தேவாலயப் பாடகர் குழு ஒன்று கழித்துக் கட்டிய 61 கட்டைக் கேசியோவை என் தாய் தம் சீட்டுப் பணத்தில் வாங்கித் தந்தார். அதில் இரண்டு கட்டைகள் ஊமை. நானோ வேகத்தை மட்டுமே துரத்தினேன். ஆறு மாதத்தில் விரல் வலித்ததுதான் மிச்சம்.

ஆசிரியரிடம் போகலாம் என்றால், எங்கே போவது? தன்ராஜ் மாஸ்டர் சென்னையில் மேலை இசை கற்பித்ததையும், இளையராஜாவும் பின்னர் ரகுமானும் அவரிடம் பயின்றதையும் நாம் அறிவோம். அப்படிப்பட்டோர் அறைக் கதவைத் தட்டக் கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்கும் மேல் கட்டணம். ஆகவே அந்த ரயிலிலேயே என் பள்ளி தொடங்கியது. காதில் ஒலிக்கருவியைச் செருகிக்கொண்டு, கவரைப்பேட்டை, பொன்னேரி என்று நிலையங்கள் கடக்கக் கடக்கக் கேட்டுக்கொண்டே போனேன்.

முதலில் அகப்பட்டவர் டேவ் புரூபெக். அவருடைய நால்வர் குழு 1959இல் பதிவு செய்த 'டேக் ஃபைவ்' என்ற இசையைக் கேட்டேன். அதை இயற்றியவர் அக்குழுவில் சாக்சபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். பியானோ செய்வதெல்லாம் ஒரே சிறு தாள உருவைத் திரும்பத் திரும்ப வாசிப்பதுதான். இது எளிது என்று வீட்டில் இடக்கையால் வாசித்துப் பழகினேன். அப்போது வேலை முடிந்து வந்த அப்பா வாசற்படியில் நின்றுவிட்டார். தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டே, "இது அஞ்சுடா. ஆனா தலைகீழா இருக்குது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் கண்ட சாபு இரண்டும் மூன்றுமாக நடப்பது: தக, தகிட. 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டுமாக நடக்கிறது: தகிட, தக. நான் பல நாள் கேட்டும் பிடிக்காததை அவர் கால் நாழிகையில் பிடித்துவிட்டார். அவருக்குக் கேட்டது என் இடக்கை மட்டுமே. தாழ்ந்த ஒலிகள் அவர் செவியில் இன்னும் உயிரோடு இருந்தன. "எடக்கை நல்லா இருக்குது. வலக்கையில வாசிக்கிறியா, இல்ல சும்மா தடவுறியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிற்பாடு படித்தபோது ஒரு செய்தி தெரிந்தது. புரூபெக் குழு 1958இல் அமெரிக்க அரசின் சார்பில் நெடும்பயணம் சென்றபோது நம் சென்னைக்கும் வந்து வாசித்திருக்கிறது. அதே பயணத்தில் துருக்கியின் தெருப் பாடகர்கள் ஒன்பது எண்ணிக்கையை 2, 2, 2, 3 என்று பிரித்து வாசிப்பதைக் கேட்டுத்தான் அவர் 'புளூ ராண்டோ' என்ற இசையை அமைத்தார். 'டேக் ஃபைவ்' இடம்பெற்ற அதே இசைத்தட்டின் முதல் உருப்படி அது. தெருவில் நின்று கேட்கத் தெரிந்தவருக்குத் தெருவும் கல்லூரிதான்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்கும் நண்பர்களுக்கு நம் வழக்கிலேயே சொல்லலாம். முதலில் பல்லவி போல ஒரு மெட்டு. பிறகு அதே தாளச் சுற்றின்மேல், அதே இசைக்கோவைகளின்மேல், ஒவ்வொருவரும் தம் கற்பனையை விரிப்பர். இறுதியில் அனைவரும் பல்லவிக்குத் திரும்புவர். நம் நிரவலும் கற்பனை ஸ்வரமும் அறிந்தவர்க்கு இது அந்நியமன்று. வேறுபாடு என்னவெனில், நமக்கு இராகம் நிலம். அவர்களுக்கு மாறிக்கொண்டே வரும் இசைக்கோவைகள் நிலம். இதன் வேர்களுள் ஒன்று 'புளூஸ்'. அமெரிக்கத் தென்பகுதியின் பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு. ஒரு வரி, அதே வரி மறுமுறை, பிறகு அதற்கொரு மறுமொழி. பன்னிரண்டு தாள அளவுகளில் அடங்கிவிடும். ச, ம, ப என்ற மூன்று சுரங்களை அடிப்படையாகக் கொண்ட மூன்று கோவைகள் போதும். நம் பொன்னேரி வயல்களில் ஒருத்தி ஒரு வரி எடுக்க மற்றவர்கள் தொடரும் நடவுப் பாட்டை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

என் இரண்டாம் ஆசிரியர் கனடா நாட்டவரான ஆஸ்கார் பீட்டர்சன் (1925–2007). இவர் தந்தை ரயில்வேயில் படுக்கைப் பெட்டிப் பணியாளர். தாமே முயன்று இசை கற்றவர். பணிக்குப் புறப்படுமுன் பிள்ளைகளுக்குப் பாடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் ஒப்புவிக்கச் சொல்வார். மகன் சற்றுத் தலைக்கனம் கொண்டபோது, ஆர்ட் டேட்டம் வாசித்த இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டாராம். வாசிப்பது ஒருவரா இருவரா என்று மகன் திகைத்தான். ஒருவரே என்றறிந்ததும் சில காலம் பியானோவைத் தொடவேயில்லை. அந்த டேட்டம் ஏறக்குறையப் பார்வையற்றவர். பெரும்பாலும் கேட்டுக் கேட்டே கற்றவர். கண்ணில்லாதவரின் செவியிலிருந்து ரயில்வே தொழிலாளியின் மகன் செவிக்கு வந்த கலை, இசைத்தட்டு வழியே கம்பி ஆலைத் தொழிலாளியின் மகன் செவிக்கும் வந்தது.

பீட்டர்சன் தம் மூவர் குழுவோடு வாசித்த 'சி ஜாம் புளூஸ்' என்னும் இசையை நான் தேர்ந்தெடுத்தேன். மூல மெட்டு டியூக் எல்லிங்டனுடையது. வியப்பு என்னவென்றால், அந்த மெட்டு முழுவதும் இரண்டே சுரங்கள்: பஞ்சமமும் சட்ஜமும். இரண்டு சுரங்களை வைத்து ஒரு மாளிகை எழுப்பியிருக்கிறார்கள். கைப்பேசியில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டு, சரிகமக் குறிப்பாக நோட்டில் எழுதினேன். முன்னாளில் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் சுழலவிட்டு இதையே செய்தார்களாம். அப்போது சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இக்காலக் கருவி சுருதியைக் கெடுக்காமல் வேகத்தை மட்டும் குறைக்கிறது. இரண்டு நிமிட வாசிப்பை எழுதி முடிக்க நான்கு மாதங்கள் ஆயின. ஒரு கமாவும் பிசகாமல் உருப்போட்டேன்.

இங்கேதான் என் பெருங்கதை கவிழ்ந்தது. கல்லூரி விழாவொன்றில் அதை மேடையேற்றினேன். நண்பன் தபேலா வாசித்தான். முதல் நிமிடம் கைதட்டல். உற்சாகம் மிகுந்த நண்பன் ஒரு தீர்மானத்தை நீட்டிப் போட்டான். எனக்கு இடம் தவறிவிட்டது. அவன் காத்திருந்தான், சபை காத்திருந்தது. எந்தச் சுரத்தில் மீண்டும் நுழைவது என்று எனக்குத் தெரியவில்லை. நோட்டில் இருந்த அடுத்த வரியைத் தவிர வேறொன்றும் என் கையில் இல்லை. விரல்களை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

மேடைக்குப் பின்னால் நின்றிருந்த என்னிடம் தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, மனப்பாடம் பண்ணினால் தேர்வு எழுதலாம். எதிரே ஒருத்தர் பேசும்போது பதில் சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாண்டுகளாக நான் கேட்டுக்கொண்டிருந்ததாக நினைத்தது கேட்டலே அல்ல, படியெடுத்தல் என்று அந்த ஒரு கேள்வியில் விளங்கியது. தேர்வுக்கு முதல் நாள் கைடைப் புரட்டும் நம் அனைவருக்கும் அந்தக் கேள்வி பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

மறுநாள் முதல் பாடத்தை மாற்றினேன். அமெரிக்கப் பியானோ ஆசிரியர் லென்னி டிரிஸ்டானோ, தம் மாணவர்கள் பெரியவர்களின் வாசிப்பை முதலில் வாயால் பாட வேண்டும். பாடி முடித்த பிறகே கருவியைத் தொடலாம் என்பாராம். நம் நாதசுரக் குருகுலங்களிலும் வாய்ப்பாட்டு முன்னே, சீவாளி பின்னேதான். நானும் பாடத் தொடங்கினேன். நான்கு மாதம் உருப்போட்டதைத் தூக்கி வைத்துவிட்டு, பீட்டர்சனின் ஒரே ஒரு சிறு சொற்கட்டை எடுத்துக்கொண்டேன். அதைப் பன்னிரண்டு சுருதிகளிலும் வாசித்தேன். அவர் ஏன் இங்கே நிறுத்தினார், ஏன் இந்தச் சுரத்தைத் தள்ளி வைத்தார் என்று கேட்டேன். பிறகு, அவர் வாசிக்கும் இரண்டு அளவுக்கு என் சொந்த இரண்டு அளவால் பதில் சொல்லிப் பார்த்தேன். முதலில் வந்தவை உளறல்கள். ஆயினும் என் உளறல்கள்.

சென்னையிலேயே ஜாஸ் பியானோவைத் தம் வாழ்வாகக் கொண்டிருந்த மாதவ் சாரியைப் பற்றி அப்போதுதான் அறிந்தேன். அமெரிக்காவில் கணிதம் பயின்றவர், பியானோவைத் தேர்ந்தவர். 2015இல் மறைந்துவிட்டார். அப்போது நான் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். ஒன்றரை மணி நேர ரயில் தொலைவில் ஓர் ஆசான் இருந்ததும், நான் கேட்கத் தொடங்குமுன் அவர் போய்விட்டதும் எனக்கு இன்றும் ஒரு குறைதான். பதிவுகளில் மட்டுமே அவரைக் கேட்டிருக்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் 88 கட்டைகள் உள்ள நல்ல கருவியொன்று வாங்க எண்ணி, அப்பா வேலை செய்யும் கொட்டகையிலேயே இரண்டு மாதம் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்வதாக முடிவு செய்தேன். வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். கேட்டதும் அவர் முகம் மாறியது.

"வேணாம்."

"ரெண்டு மாசந்தானேப்பா."

"எனக்கும் மொதல்ல ரெண்டு மாசந்தான்னு சொன்னாங்க. கருவி இல்லாட்டிக் காதை வெச்சிப் பாட்டுக் கேக்கலாம். காது போச்சுன்னா கருவிய வெச்சி என்னடா பண்ணுவ?"

தம் செவியைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் முறை. நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் அவரே பரண்மேல் ஏறி ஆர்மோனியத்தை இறக்கினார். துருத்தித் தோலில் இரண்டு இடங்களில் கிழிசல். சைக்கிள் டியூப் ஒட்டிச் சரிசெய்தோம். மேல் ஸ்தாயியை அவர் தொடவில்லை. தொட்டாலும் அவருக்குக் கேட்காது.

அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. மைல்ஸ் டேவிஸ் குழுவினர் 1959 மார்ச்சு 2ஆம் நாள் நியூயார்க்கில் பதிவு செய்த 'சோ வாட்' என்னும் இசையில் பியானோ வாசித்தவர் பில் எவன்ஸ் (1929–1980). அந்த இசைத்தட்டின் பின்னட்டையில், அழித்து எழுத முடியாத ஜப்பானியத் தூரிகை ஓவியத்தோடு இவ்வகை வாசிப்பை ஒப்பிட்டு எழுதியவரும் அவரே. நம் வாசலில் புள்ளி வைத்துக் கையெடுக்காமல் இழுக்கும் கோலம் போல என்று நான் வைத்துக்கொண்டேன். அந்த இசையின் சிறப்பு, பல்லவியைப் பாடுவது எக்காளமோ பியானோவோ அன்று. எல்லாவற்றிலும் தாழ்ந்த குரலுடைய பெரிய பேஸ் வயலின். பேஸ் ஒரு கேள்வி கேட்கும். பியானோ இரண்டே கோவைகளால் பதில் சொல்லும். இராகமும் நமக்குத் தெரிந்ததுதான்: நம் கரகரப்பிரியாவின் சுரங்கள். பதினாறு அளவு ஒரு சுருதியில்; அடுத்த எட்டு அளவு அரைக்கட்டை ஏற்றி; பிறகு எட்டு அளவு பழைய இடத்தில்.

மெட்டு தாழ்ந்த ஸ்தாயியில் இருக்கிறது. அப்பாவுக்குக் கேட்கும்!

கைப்பேசியை ஆர்மோனியப் பலகைமேல் வைத்துப் போட்டுக் காட்டினேன். பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது அவர் விரல்கள் கீழ்க்கட்டைகளைத் தேடிப் பிடித்துவிட்டன. அவர் கேள்வியை வாசித்தார். நான் கேசியோவில் இரண்டு கோவைகளால் பதில் சொன்னேன்.

"அட, இது பின்பாட்டுடா!" என்றார். "கட்டியங்காரன் ஒண்ணு சொல்வான், நாங்க ஆமாம்னு ஏத்துப் பாடுவோம். அதேதான்!"

அரைக்கட்டை ஏறும் இடத்தில் நான் தடுமாறினேன். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அந்தச் சொற்கட்டையையே இன்னொரு முறை வாசித்து, நான் நுழைவதற்கு வழி செய்து கொடுத்தார். நான் நுழைந்துகொண்டேன். கல்லூரி மேடையில் எனக்குத் தெரியாதிருந்தது அதுதான். விடிய விடியக் கூத்தில் வாசித்தவருக்கு அது யாரும் கற்பிக்காமலே தெரிந்திருந்தது. கூத்தாடி வசனத்தை மறந்தாலும், வேடக்காரன் வரத் தாமதித்தாலும், ஆர்மோனியம் நிற்கக் கூடாது அல்லவா? நான் கடல் கடந்து தேடிய ஆசிரியர்களுள் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அவர் வாசிப்பைக் கேட்க ஒருவரும் இல்லாததால் பரண்மேல் இருந்தார்.

பீட்டர்சனுக்கு 1993இல் பக்கவாதம் வந்து இடக்கை வலுவிழந்தது. இடக்கைக்குப் பேர்போனவர் அவர். எஞ்சிய வலக்கையைப் பெரிதும் நம்பி மீண்டும் மேடையேறினார். என் தந்தையின் நிலை அதற்கு நேரெதிர். அவருக்கு எஞ்சியது இடக்கையின் ஒலி. இப்போது ஞாயிறுதோறும் நாங்கள் வாசிக்கிறோம். கீழ் ஸ்தாயி அவருடையது. மேல் ஸ்தாயி என்னுடையது. நான் மேலே வாசிப்பது அவருக்கு எவ்வளவு கேட்கிறது என்று நான் கேட்பதில்லை. என் விரல்களைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார். சில வேளைகளில் நான் தவறினால் நிமிர்ந்து பார்க்கிறார். எப்படித் தெரிகிறதோ!

நண்பர்களே, ஜாஸ் பியானோவில் நான் இன்னும் அரிச்சுவடி தாண்டாதவன். ஊமைக் கட்டைகள் இரண்டும் இன்னும் ஊமையாகவே இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் போகப் பழகிவிட்டேன். ஆயினும் இரண்டு செய்திகளை உங்களிடம் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நம்புகிறேன். ஒன்று, காதில் ஒலிக்கருவியைச் செருகும்போது ஓசையைக் குறைத்து வையுங்கள். ஆலையில் வேலை செய்யும் உறவினர் இருந்தால், காதடைப்பான் அணியச் சொல்லிக் கெஞ்சியாவது கேளுங்கள். போன செவி திரும்புவதில்லை. மற்றொன்று, உங்கள் வீட்டுப் பரண்மேல் என்ன இருக்கிறது என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

"கும்மிடிப்பூண்டிக்காரனுக்கு ஜாஸ் எதுக்குடா?" என்று கேட்ட நண்பர்களுக்கு இதுவே என் விடை: என் அப்பாவின் ஆர்மோனியத்தைக் கேட்பதற்கு.